எல்லாருன்னா யாரெல்லாம்?

திங்கட்கிழமை காலையில் கைப்பையை மேசைமேல் வைப்பதற்குள் 'அவசரம்' வந்து நின்றார். எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் அது. அவர் அனுப்பும் எந்த மெயிலும் அந்த வார்த்தையில்தான் தொடங்கும், டீத்தூள் வாங்கச் சொல்லும் மெயில் உட்பட.

"விலைப்புள்ளி ஃபோல்டர் திறக்கவே மாட்டேங்குது. மதியத்துக்குள்ள அனுப்பலன்னா ஆர்டர் போச்சு. எல்லாம் உங்க கொழுந்தன் வேலை!"

"அவன் என்ன சார் பண்ணினான்?"

"சனிக்கிழமை சாயங்காலம் இந்தக் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருந்தான். நானே பாத்தேன். பெரியவர்கிட்ட சொல்லிட்டேன், இன்னையோட அவனை வேலைய விட்டு அனுப்பிடலாம்னு."

பெரியவர் என்றால் முதலாளி. கொழுந்தனை இந்த அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் சேர்த்துவிட்டவள் நான். அவன் வேலை போனால் மாமியார் முகத்தில் விழிக்க வேண்டியவளும் நானே. கணவர் வழக்கம்போல "நீ பாத்துக்க" என்று ஒதுங்கிக்கொள்வார். அந்த 'நீ பாத்துக்க'வைக் கேட்டுக் கேட்டே எனக்குப் பாதி முடி நரைத்துவிட்டது.

கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை; கட்டளைகள் தட்டும் கறுப்புத் திரையைத் திறந்தேன்.

அதில் எனக்கென்று ஒரு கருவி உண்டு. எங்கள் நெட்வொர்க்கில் இருக்கிற ஆள், பிரிண்டர், ஃபோல்டர் எதுவானாலும், பெயரைச் சொல்லி ஒரு வரி தட்டினால் போதும். அது யாருடையது, யார் பார்க்கலாம், யார் மாற்றலாம், யாருக்கு மறுப்பு என்று மளமளவென ஒப்பித்துவிடும். படம் கிடையாது, பொத்தான் கிடையாது, சுற்றி வளைப்பதும் கிடையாது. எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

ஃபோல்டரின் அனுமதிகளை மாற்றும் உரிமை இரண்டே பேருக்கு இருந்தது: மேலாளர், நான். கொழுந்தன் பெயர் எந்த வரியிலும் இல்லை. கடைசி வரி மட்டும் புதிது: 'எல்லாரும் - மறுப்பு.' எத்தனை அனுமதி இருந்தாலும் ஒரு மறுப்பு வந்துவிட்டால் மறுப்புதான் ஜெயிக்கும்.

"சார், யாரோ எல்லாருக்கும் மறுப்புன்னு போட்டிருக்காங்க."

"யாரோ இல்லம்மா, நான்தான். கண்டவங்களும் விலையைப் பாக்கக் கூடாதுல்ல?"

"அதனாலதான் திறக்கல."

"எல்லாருக்கும்தானே போட்டேன்? எனக்குமா போட்டேன்?"

"எல்லாருன்னா அதுல நீங்களும் உண்டு சார்."

அவர் முகத்தில் அசடு வழிந்தது. வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். மறுப்பை நீக்கினேன், ஃபோல்டர் திறந்துகொண்டது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"இது நமக்குள்ளயே இருக்கட்டும். தம்பி தெரியாம எதையோ அழுத்திட்டான்னு ரெண்டு வரி எழுதிடுங்க."

"நீங்களே பெரியவர்கிட்ட உண்மையைச் சொல்லிடலாமே சார்?"

"சொன்னதை எப்படிம்மா மாத்தறது? அவனுக்கு வயசிருக்கு, வேற இடம் கிடைக்கும். நாம இங்கேயே காலம் தள்ளணும் பாருங்க."

எழுதிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அவ்வளவு அலுப்பு. ஆனால் சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் அவன் உட்கார்ந்து வருவானே, அவனிடம் என்ன பேசுவேன்? மறுப்பை நீக்குவதற்கு முன் கருவி ஒப்பித்திருந்த வரிகளை ஒரு எழுத்துகூட மாற்றாமல் பெரியவருக்கு அனுப்பினேன். மறுப்பைப் போட்டது தான்தான் என்று மேலாளரே என்னிடம் சொன்னார் என்றும் கீழே எழுதினேன்.

விலைப்புள்ளி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் மேலாளர் பெரியவர் அறையிலிருந்து வந்தார். இந்தத் தடவை உட்காரவில்லை.

"உங்க கொழுந்தன் வேலையில இருக்கலாம்னு பெரியவர் சொல்லிட்டார். ஆனா நான் மறுப்பு எதுவும் போடல, உங்ககிட்ட அப்படிச் சொல்லவும் இல்ல. மாத்தற உரிமை ரெண்டே பேருக்குத்தான்னு நீங்களேதானே எழுதியிருக்கீங்க? உங்க விஷயத்துல நாங்க பேசி ஒரு முடிவு சொல்றோம்."

இத்தனை வருஷமும் அவர் வாயில் 'நாம'வாக இருந்தவள் நான். ஒரே வார்த்தையில் என்னை வெளியே நிறுத்திவிட்டு அவர் போய்விட்டார். வீட்டுக் கடன், பிள்ளையின் படிப்பு என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

விஷயம் அதற்குள் பேக்கிங் பிரிவுக்குப் போயிருக்க வேண்டும். சட்டையெல்லாம் அட்டைத் தூளோடு மூச்சிரைக்க ஓடிவந்தான் கொழுந்தன்.

"அண்ணி, நாம தப்பிச்சுட்டோமா?"

"நீ தப்பிச்சுட்டே தம்பி" என்றேன்.