சு-யுன் அக்கா வைத்த சிவப்புப் பை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு சோளப்பொரிப் பையிலிருந்து பிறந்தது. கதைகள் இதைவிட உயர்ந்த இடங்களில் பிறப்பதாகக் கேள்வி. நான் எழுத்தாளன் இல்லை. பெயர் லியாவ், தைபேயில் பிறர் பணத்தைப் பங்குகளில் போட்டுப் பார்த்துக்கொள்ளும் வேலை. சந்தை மூடியாயிற்று. சாப்பிட்டுவிட்டு, இந்த ஊர் வழக்கப்படி விளக்கை அணைத்து, எல்லோரும் மேசையில் தலை சாய்த்துத் தூங்குகிறார்கள். நான் மட்டும் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று மணிக்கு மேலாளர் ஜுவாங் கூப்பிட்டிருக்கிறார். எங்களோடு வேலை பார்க்கும் சு-யுன் அக்காவுக்கு இங்கே வேலை இருக்குமா, போகுமா என்பது அப்போது முடிவாகும்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "ஜியென் சு-யுன் ஓர் எளிய பெண், ஆனால் அவர் உள்ளத்தின் ஆழத்தில்..."

(அடித்துவிட்டேன். அக்கா எளிய பெண்ணே இல்லை. ஆர்டர் போடும் மேசையில் அவர் வாய்க்கு ஜுவாங்கே பயப்படுவார். மாஜாங் ஆட்டத்தில் தோற்றுவிட்டால் மறுநாள் பக்கத்தில் போக முடியாது.)

இரண்டாம் முயற்சி. பங்குகளை வாங்க, விற்க ஆர்டர் அனுப்பும் எங்கள் இயந்திரத்தின் தலையில் எப்போதும் பச்சைப் பை சோளப்பொரி ஒன்று உட்கார்ந்திருக்கும். அந்தப் பொரியின் பெயருக்கே 'சமத்தா இரு' என்றுதான் அர்த்தம். பச்சைப் பை இருந்தால் பச்சை விளக்கு எரியும், இயந்திரம் மக்கர் பண்ணாது என்பது இந்த ஊர் நம்பிக்கை.* பையின் காலாவதித் தேதி வருவதற்குள் புதுப்பை வைக்க வேண்டும். யாரும் தின்னக் கூடாது.

(* நம்புகிறாயா என்று கேட்காதீர்கள். நம்பவில்லை. எடுத்துவிட்டுப் பார்க்கும் தைரியமும் இல்லை.)

சிக்கல் எங்கே என்றால், எங்கள் சந்தையில் விலை ஏறினால் சிவப்பு, இறங்கினால் பச்சை. இந்த வசந்தம் முழுக்கத் திரையெல்லாம் பச்சை. ஒரு நாள் மதியச் சோற்றைத் திறந்தவன் அப்படியே மூடிவிட்டேன்.

"பச்சைன்னாலே குமட்டுதுக்கா" என்றேன். சும்மா புலம்பல்தான்.

3

மறுநாள் என் பச்சைக் கோப்பை போய் வெள்ளைக் கோப்பை வந்திருந்தது. பிறகு நாற்காலியில் கிடந்த பச்சைத் துண்டைக் காணோம். என் சோற்றுப் பெட்டியிலிருந்த கீரையை அக்கா தன் பெட்டிக்கு மாற்றிக்கொண்டு, தன் முட்டையை என் பக்கம் தள்ளினார். எதையும் அப்போது நான் கவனிக்கவில்லை. என் இடத்திலிருந்து நிமிர்ந்தால் நேரே தெரிவது அந்த இயந்திரம். திங்கட்கிழமை மாலை, அதன் தலையிலும் பச்சைப் பை போய்ச் சிவப்புப் பை வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை சந்தை திறந்ததும் இயந்திரம் உறைந்து நின்றது. எங்களிடம் பணம் போட்டிருக்கும் ஹுங் முதலாளியின் பங்குகளை விற்க நான் கொடுத்த ஆர்டர் உள்ளேயே மாட்டிக்கொண்டது. அது உயிர் பெறுவதற்குள் விலை சரிந்துவிட்டது. ஹுங், காங்ஷான் ஊரில் திருகாணி ஆலை வைத்திருப்பவர். நஷ்டத்தைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். பை விஷயம் காதுக்குப் போனதும்தான் போனில் குதித்தார்.

"சிவப்புப் பையாமே! யோவ், என் ஆலையில ஓட்டை மிஷினுக்குக்கூட பச்சைதான்யா வச்சிருக்கேன்! சிவப்பு விளக்கு எரியணும்னு வேண்டிக்கிட்டீங்களா? வச்சவங்கள வெளிய அனுப்பு, இல்ல என் பணத்தத் திருப்பி அனுப்பு!"

ஜுவாங் கெட்டவர் இல்லை. (கெட்டவராக எழுதினால் கதை சுலபம். எழுதிப் பார்த்தேன். மீசைகூட வைத்தேன், ஒட்டவில்லை.)

"எனக்கென்ன ஆசையா, லியாவ்?" என்றார். "என்ன பழுதுன்னு மிஷின் கம்பெனிக்காரனுக்கே தெரியல. ஹுங்குக்கு ஒரு காரணம் சொல்லியாகணும். கையில இருக்கறது இந்தப் பை ஒண்ணுதான்."

4

முடிவு அ: நான்தான் மாற்றினேன் என்று பொய் சொல்கிறேன். (வீரம்தான். ஆனால் அக்கா நாற்காலி மேல் ஏறிப் பை வைப்பது காமிராவில் தெளிவாகத் தெரிகிறது.)

முடிவு ஆ: ஹுங் மனம் மாறிக் கண் கலங்குகிறார். (உங்களுக்கே சிரிப்பு வருகிறது, இல்லையா?)

முடிவு இ: அக்கா தன் செருப்பையும் குடையையும் எடுத்துக்கொண்டு போகிறார். நான் வழக்கம்போல் திரையைப் பார்த்து...

(இதற்கு மேல் கை ஓடவில்லை.)

ஒரு நிறுவனம் எதை நம்பி நிற்கிறது என்று பக்கம் பக்கமாக அறிக்கை எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் நான். ஒரு முட்டை இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்குப் போவதை எந்த அறிக்கையிலும் எழுதியதில்லை. எந்தப் பத்தியில் எழுதுவது என்றும் தெரியவில்லை.

5

அக்கா விழித்துவிட்டார். கன்னத்தில் சட்டைக்கையின் மடிப்பு பதிந்திருக்கிறது. என் தோளுக்கு மேல் எட்டிப் படித்தார்.

"என்ன தம்பி, எனக்கு வாய் ஜாஸ்தின்னு போட்டிருக்க?"

"பொய்யாக்கா?"

"அது இருக்கட்டும். மாஜாங்ல தோத்தேன்னு எழுதினத எடு. நான் எப்ப தோத்தேன்?"

(எடுக்கவில்லை.)

"ஜுவாங் ரூமுக்குள்ள நீ வராத. உன் புள்ளைங்க படிக்குதுங்க. கிறுக்கி ஒருத்தி தானா பண்ணிட்டான்னு சொல்லிடு, போதும்."

"ஏங்க்கா மாத்தினீங்க?"

"நீதான குமட்டுதுன்ன? சாப்பிடாம இளைச்சு ஓடாப் போயிட்ட. நான் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கணுமா?"

நான் விலை சொன்னால் இந்த அறையில் அத்தனை பேரும் காது கொடுப்பார்கள். சோற்றைப் பார்த்துப் புலம்பியதை ஒருவர் கேட்டிருக்கிறார். அந்த நிமிடம் அக்காவின் கையைப் பிடித்துக்கொள்ள ஆசையாக இருந்தது. பிடித்துக்கொண்டேன்.

"நானும் வர்றேன்க்கா. நான் சொன்னதைக் கேட்டுத்தான் மாத்தினாங்கன்னு சொல்லப் போறேன்."

"அடம்" என்றார். கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

6

மூன்று மணி. இருவரும் உள்ளே வந்துவிட்டோம். நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டேன். இனி ஜுவாங் பேச வேண்டும். அவருக்காக நான் எழுதிப் பார்த்த எந்த வசனமும் எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் அவரை நாற்காலியிலிருந்து எழுப்பித் தேநீர் வாங்க அனுப்பிவிட்டேன். எழுதுகிறவனுக்கு அவ்வளவு அதிகாரம் உண்டு.

அவர் நாற்காலி காலி. முடிவு சொல்ல அவர் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். போனில் ஹுங் காத்திருக்கிறார். ஹுங் தன் பணத்தை எடுத்துக்கொண்டு போனால் எங்கள் எல்லோர் வேலைக்கும் ஆபத்து என்பது உங்களுக்குத் தெரியும். அக்கா சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டு உங்கள் முகத்தையே பார்க்கிறார்.

"ஏன் வாடிப்போய் இருக்கீங்க?" என்கிறார். "மத்தியானம் சாப்பிட்டீங்களா, இல்லையா?"

அவருக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.