வேதகிரி நிற்கும் இடம்

பாலாற்று மணலில் இலை போட்டுச் சோறு வைத்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. பனை மரத்தில் ஏழெட்டுக் காக்கைகள் உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூட இறங்கவில்லை.

"வடக்கால நெலத்தை விக்க மாட்டேண்டா. வந்து சாப்புடு" என்றார் பாண்டுரங்கன், இறந்துபோன வேதகிரியின் அண்ணன்.

"உன் பொண்டாட்டிய நான் பாத்துக்கறேன் நைனா" என்றாள் அக்கா சிட்டம்மாள். காக்கைகள் அசையவில்லை. "உசுரோட இருக்கறப்ப தட்டு வெக்கறதுக்குள்ள காலி பண்ணுவான். இப்ப இன்னா வீம்பு? சசி, நீ எதனா சொல்லு. உன்கிட்டதான் எதுவோ கேக்கறான்."

அவன் கேட்பது என்னவென்று அவன் மனைவி சசிரேகாவுக்குத் தெரியும்.

உத்திரமேரூர்ப் பெண் ஒருத்தி ஐரோப்பாவின் பெரிய தேவாலயங்களில் பைப் ஆர்கன் வாசிக்கிறாள் என்று பத்திரிகைகள் எழுதின. அவளருகில் நின்று குமிழ்களை இழுத்த கணவனைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஒரு குமிழை இழுத்தால் ஒரு வரிசைக் குழாய்கள் பாடத் தொடங்கும். டிராக்டர் மெக்கானிக்கான வேதகிரிக்கு இசைக் குறிப்பு படிக்கத் தெரியாது. அவள் இடது தோள் லேசாக உயர்ந்தால் இழுப்பான். எப்போதும் அரை நொடி முன்னதாக. அதற்காகவே இருபது வருடம் அவனோடு சண்டை போட்டிருக்கிறாள்.

அடுத்த மாதம் லைப்சிக்கில் கச்சேரி. குமிழ் இழுக்க வேறொருவரைப் போட்டிருந்தார்கள். அன்று காலைதான் சம்மதக் கடிதம் அனுப்பியிருந்தாள்.

"உங்க இடத்துல வேற ஆள நிறுத்த மாட்டேன்" என்றாள், தரையைப் பார்த்தபடி.

சிறகடிக்கும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தபோது இலை காலியாக இருந்தது.

கடிதத்தை அவள் திரும்பப் பெறவில்லை. தனியாக வாசித்தால் பாதியில் தடுமாறுவாள். ஒரு முறை தடுமாறினால், துக்கத்தில் கை போய்விட்டது என்பார்கள். அதற்குப் பிறகு யார் கூப்பிடுவார்கள்?

கச்சேரிக்குச் சற்று முன் சிட்டம்மாள் போன் செய்தாள்.

"சசி, தெனம் மதியானம் நம்ம மதில்ல ஒரு காக்கா வருமே, இன்னிக்கு வரல. வெச்ச சோறு அப்படியே கீது. நீ அங்க இன்னா பண்ண?"

சசிரேகா போனை அணைத்துவிட்டு நிமிர்ந்தாள். ஆர்கன் மாடத்தில், நரைத்த தலையுடன் அந்த உதவியாளர் குமிழ் ஒன்றை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை. காலையில் எண்ணெய் போட்டதுபோல் நகர்ந்த குமிழ். இரண்டு கையாலும் இழுத்தார். அவருக்கு நெற்றி வியர்த்துவிட்டது.

"நீங்க கீழே போய் உட்காருங்க" என்றாள் ஜெர்மன் மொழியில். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

கீழே ஆயிரம் பேர் அமைதியானார்கள். அவள் வாசிக்கத் தொடங்கினாள். மூன்றாம் பக்கத்தின் நடுவில், பழக்கத்தில், இடது தோள் லேசாக உயர்ந்தது.

இடப்பக்கத்தில், நகராதிருந்த குமிழ் தானாக வெளியே வந்தது. அரை நொடி முன்னதாக.

"இன்னா அவசரம்" என்று முணுமுணுத்தாள். கைகள் நிற்கவில்லை. உட்கார்ந்திருந்த பலகையில் வலப்பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து, அவன் நிற்க இடம் விட்டாள்.