காணிக்கை மேசையில் சிங்கப்பூர் லைற்

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஆடி மாதம் அருட்பிரகாசத்துக்கு அவசரமாகத் தேவைப்பட்டது ஒளியிழை. ஒரு முழம் இருந்தாலும் போதும். யாழ்ப்பாணத்தில் அப்போது போர்க்காலப் பொருளாதாரத் தடை, சவர்க்காரக் கட்டியையே நாலாக வெட்டி விற்றார்கள். பற்றறி இல்லை. மின்சாரம் போய் இரண்டு வருடம். இதற்குள் இவனுக்கு ஒளியிழை!

உடுப்பிட்டி வெங்காயத் தோட்டக்காரர் ஒருவரின் மகன் அவன். பல்கலைக்கழகத்தில் பௌதிகம், இறுதியாண்டு. நல்லெண்ணெயில் தேங்காயெண்ணெய் கலந்திருக்கிறதா என்று ஒளியிழையால் கண்டுபிடிக்கும் கருவியொன்று செய்து காட்டுவதாக எழுதிக் கொடுத்துவிட்டான். யப்பானிலிருந்து ஒரு பேராசிரியர் இலவசமாக அனுப்பிய இழைச் சுருளும் கொழும்பு வரைக்கும் ஒழுங்காக வந்தது. அதற்கு வடக்கே எங்கேயோ யாரோ அதைத் தடைசெய்த வயர் என்று தீர்மானித்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். செய்து காட்ட இன்னும் பத்து நாள். காட்டாவிட்டால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

குருநகரில் மீன்காரி கத்தரீனா வீட்டு வாசலில் மீன் வாங்க நின்றபோதுதான் அவன் அதைக் கண்டான். உள்ளே கண்ணாடி அலுமாரிக்குள் ஓர் அலங்கார விளக்கு. கறுத்த பீடத்திலிருந்து நூற்றுக்கணக்கான மெல்லிய பிளாஸ்ரிக் இழைகள் பூவாணம் போல விரிந்து கவிழ்ந்திருந்தன. ஒவ்வொன்றும் அசல் ஒளியிழை.

“அக்கா, உந்த லைற்றை விப்பீங்களோ? எனக்குக் கட்டாயம் வேணும்.”

கட்டாயம் என்ற சொல்லை இருபது வருடம் சந்தையில் பாரை மீன் விற்றவளிடம் ஒருவன் சொல்லலாமா? கத்தரீனா கத்தியைக் கீழே வைத்தாள்.

“விக்கிறதோ? என்ரை மனுசன் கப்பலிலை போய்ச் சிங்கப்பூரிலை வாங்கினது. பாரையைக் கேள், தாறன்.”

“முழுக்க வேண்டாம். பத்து இழை.”

“பத்தைப் புடுங்கினால் சொட்டையாப் போகும்.”

“இருநூற்றிப் பதினாலு கிடக்கு, அக்கா.”

“எண்ணியும் போட்டியோ!”

அவன் உற்சாகமாகிவிட்டான். “உதுக்குள்ளை வெளிச்சம் சுவரிலை மோதி மோதி ஓடும் அக்கா, வெளியிலை சிந்தாது. வெளிநாட்டிலை எர்பியம் எண்டொரு உலோகம் கலந்து, இழையையே லேசராக்கிப் போட்டினம். வழியிலேயே வெளிச்சத்தைப் பெருக்கி, கடலுக்கடியாலை ரெலிபோன் கதைக்கப் போகினம்.”

“கடலுக்கடியிலை ஆரோடை கதைக்கிறது, சுறாவோடையோ?” என்றவள் சற்று யோசித்தாள். “இஞ்சை பார் தம்பி. மனுசன் சுகமாக் கரை சேர்ந்தால் திருநாள் பூசையிலை உந்த லைற்றை மாதாவுக்கு முன்னாலை எரிக்கிறதெண்டு நேர்த்தி வைச்சனான். அவர் வந்தார், கறண்ட் போயிட்டுது. ரெண்டு திருநாள் சும்மா போச்சு. வாற ஞாயிறு மூண்டாவது. கறண்ட் இல்லாமல் எரிச்சுக் காட்டு. பத்தென்ன, இருபது தாறன்.”

“அதுக்கென்ன அக்கா. சூரியன் கிடக்குத்தானே.”

கத்தரீனாவுக்கு ஏமாற்றமாக இருந்தது. பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டவனை அவள் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிய அவன் கடற்கரைச் சிற்றாலயத்துக்கு விளக்கோடு வந்துவிட்டான். வாசல் மேற்குப் பார்த்தது, காலை வெயில் நேரே உள்ளே வராது. பல்பைக் கழற்றி, இழைகளின் அடியில் ஒரு சின்னக் கண்ணாடியைச் சாய்த்து வைத்தான். முற்றத்தில் தான் ஒரு பெரிய கண்ணாடியைப் பிடித்து வெயிலை உள்ளே திருப்புவதாகத் திட்டம். மாதா சுரூபத்தின் அருகே தூண் மறைத்தது. முன்மண்டபத்தில், வெள்ளைத் துணி விரித்த மேசையொன்று நேர்கோட்டில் வெறுமையாகக் கிடந்தது. அங்கிருந்தாலும் மாதாவுக்கு முன்னால்தானே? வைத்துவிட்டான்.

சைவப் பிள்ளை, அவனுக்கு எப்படித் தெரியும்? அது காணிக்கை மேசை. அதில் வைத்தது எதுவும் வைத்தவருக்குத் திரும்பாது. பூசை முடிய ஏலத்தில் போகும்.

பூசையில் விளக்கு எரிந்தது. இருநூற்றிப் பதினாலு நுனியிலும் வெள்ளைப் பொட்டுகள் மினுங்கின. சனம் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் பிரசங்கத்தை யாரும் கேட்கவில்லை. கத்தரீனா அழுதாள். முற்றத்தில் அருட்பிரகாசம் சூரியன் நகர நகரக் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

பூசை முடிந்ததும் செபமாலை என்ற ஆலயத்து மூப்பர் மேசைக்குப் பின்னால் வந்து நின்றார். ஒரு சேவல் போனது. ஒரு வாழைக்குலை போனது. அடுத்ததாக விளக்கைத் தொட்டு, “மாதாவின்ரை லைற்! கறண்ட் வேண்டாம், எண்ணெய் வேண்டாம்! கேளுங்கோ!” என்றார்.

அருட்பிரகாசம் கண்ணாடியோடு இரண்டடி முன்னே பாய்ந்தான். விளக்கின் நுனிகள் நடுங்கின.

“ஐயா, அது கத்தரீனா அக்காடை. சும்மா வைச்சனான்.”

“உந்த மேசையிலை சும்மா ஒண்டும் வைக்கேலாது, தம்பி. கண்ணாடியை ஆட்டாமல் பிடி, சனம் பாக்குது.”

“எனக்கு இழை தராட்டில் சோதினை போச்சு, ஐயா!”

“அப்ப நீயும் கேள். மாதா ஆரையும் தடுக்கமாட்டா.”

“நானூறு!” என்று கத்தினான். அவ்வளவுதான் கையில் இருந்தது.

“ஆயிரம்,” என்றார் படகு முதலாளி கனிசியஸ் சம்மாட்டியார், மீசையைக்கூடத் தொடாமல்.

பிரச்சினை என்னவென்றால், விளக்கின் விலையை ஏற்றிக்கொண்டிருந்தவன் அவனேதான். கண்ணாடி அவன் கையில். எவ்வளவு நேராகப் பிடித்தானோ அவ்வளவு மினுக்கம். எவ்வளவு மினுக்கமோ அவ்வளவு விலை. கொஞ்சம் சரித்தால் காரியம் முடிந்தது. வெங்காயத்தோடு ஒட்டிய மண்ணையும் தட்டிவிட்டு நிறுக்கும் தகப்பனின் பிள்ளைக்கு அந்த யோசனை வரவேயில்லை.

“ஆயிரம், ஒருதரம்! ஆயிரம், ரெண்டுதரம்!”

கத்தரீனா முற்றத்துக்கு இறங்கி வந்தாள். கண்ணாடிக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றாள். சாவகாசமாகக் குடையை விரித்தாள். நல்ல அகலமான கறுத்தக் குடை.

விளக்கு அணைந்தது.

“நில்லுங்கோ மூப்பர்!” கனிசியஸ் எழும்பினார். “செத்துப்போச்சு!”

“கத்தரீனா, குடையைச் சுருக்கு பிள்ளை,” என்றார் மூப்பர்.

“ஏன், வெயில் கொளுத்துது. வேணுமெண்டால் சம்மாட்டியார் ஒவ்வொரு நாளும் விடியக் கண்ணாடி பிடிக்க ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைக்கட்டும். பின்னேரம் எரியாது. மாரியிலை எரியாது. ஏலம் விடேக்கை அதையும் சொல்லோணும், மூப்பர். நான் பழுதான மீனை நல்ல மீனெண்டு விக்கிறனானோ?”

சனம் சிரித்தது. கனிசியஸ் உட்கார்ந்துவிட்டார். “எரியாத பூவாணத்துக்கு நான் ஏன் ஆயிரம்?”

மூப்பர் விளக்கைப் பார்த்தார். சொட்டையாகத்தான் தெரிந்தது. “நானூறுக்கு மேலை ஆரும்?”

“நானூறும் அரை அந்தர் வெங்காயமும்!” என்றான் அருட்பிரகாசம்.

“உன்னோடை நீயே போட்டியோ, விசரா?” கத்தரீனா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆனால் அந்த இருபத்தைந்து கிலோ வெங்காயம்தான் மூப்பரின் முகத்தை மலர வைத்தது. மூன்றாம் தரம் சொல்லி முடித்துவிட்டார்.

செய்து காட்டும் நாளன்று ஆய்வுகூட யன்னலோரம் மேசையைப் போட்டான். ஓர் இழையின் நடுவில் மேல்தோலை நகப்பூச்சு அழிக்கும் திரவத்தால் பதமாக நீக்கியிருந்தான். ஒரு நுனிக்குக் கண்ணாடியால் சூரியன். மறு நுனியில் ஸ்ரூடியோவில் இரவல் வாங்கிய ஒளிமானி. வெளிச்சம் பட்டாலே முள் நகரும், பற்றறி கேளாத பழைய சாமான். தோல் போன இடத்தைக் கிண்ணத்து எண்ணெயில் அமிழ்த்தினான். நல்லெண்ணெயில் வெளிச்சம் அதிகம் கசிந்து முள் படுத்தது. தேங்காயெண்ணெயில் குறைவாகக் கசிந்து முள் நிமிர்ந்தது. கலவையில் இரண்டுக்கும் நடுவே நின்றது.

பரீட்சகர் நம்பவில்லை. “நீர் கலந்து வைச்சதை நீர் சொல்லுறது பெரிய வேலையில்லை,” என்றவர் தன் தோள்பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்தார். “இது நான் காலமை வாங்கின நல்லெண்ணெய். தெரிஞ்ச கடை. சுத்தமானது. முள் படுக்குதோ பாப்பம்.”

முள் படுக்கவில்லை. மூன்றில் ஒரு பங்கு எழும்பி நின்றது.

“சேர், மூண்டிலை ஒண்டு தேங்காயெண்ணெய்.”

“திருப்பிப் பாரும்.”

திருப்பிப் பார்த்தான். முள் அசையாமல் அதே இடத்தில் நின்றது. பரீட்சகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். பிறகு நிமிர்ந்து புள்ளித் தாளில் மதிப்பெண்ணை விறுவிறென்று எழுதி, ஒப்பமும் வைத்தார்.

“சேர், கேள்வி ஒண்டும் கேக்கேல்லை?”

“கேள்வி கடைக்காரனிட்டைத்தான் கேக்கக் கிடக்கு,” என்றார். “நேரம் இருக்குதோ? உந்த மேசையிலை கிடக்கிறதெல்லாத்தையும் கட்டிக்கொண்டு சைக்கிளிலை ஏறும். அவன் என்ன கதை விடுறானெண்டு பாப்பம்.”