யாருக்கோ என்று நினைத்த மரியாதை

முதல் விக்கெட் விழுந்ததும் சுஹாஸ் காணேகர் கையுறையை மாட்டிக்கொண்டு எழுந்தார். பதினேழு வருடமாக மாநில அணிக்கு மூன்றாவதாக இறங்குகிறவர். இந்திய அணியிலிருந்து ஒருமுறைகூட அழைப்பு வந்ததில்லை. அந்த வருத்தத்தை எல்லாம் எப்போதோ விழுங்கிச் செரித்துவிட்டார். இது சீசனின் கடைசி ஆட்டம். ஒரு சதம் அடித்துவிட்டால் அடுத்த சீசனுக்கும் அணியில் இடம் உண்டு என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

எல்லைக் கோட்டைத் தாண்டியவர் அப்படியே நின்றுவிட்டார். எதிரணிக்காரர்கள் பிட்சுக்குப் போகும் வழியில் இரண்டு வரிசையாக நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஓய்வு பெறப்போகிறவன் கடைசி ஆட்டத்தில் மட்டையோடு வரும்போது செய்கிற மரியாதை அது. அவரே எத்தனையோ பேருக்கு அப்படி நின்று தட்டியிருக்கிறார். யாருக்கு என்று திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒருவரும் இல்லை.

எதிரணிக் கேப்டன் ஹர்ஜாஸ் ஓடிவந்து கட்டிப்பிடித்தான். "வாழ்த்துக்கள் பாஜி! உங்களுக்குப் பந்து போட்டுப் போட்டே எங்க பௌலருங்க பாதிப் பேர் கிழவனாயிட்டானுங்க."

"எதுக்குடா இதெல்லாம்?"

"என்ன பாஜி, விளையாடறீங்களா? ரிட்டயர் ஆறீங்கள்ல?"

"யார் சொன்னா?"

ஹர்ஜாஸின் முகம் செத்துப்போயிற்று. "உங்க கிரிக்கெட் சங்கச் செயலாளர்தான்... காலையில டாஸ் போடறப்ப சொன்னாரு. உங்களுக்குத் தெரியாதா?"

சுஹாஸ் பெவிலியனைப் பார்த்தார். சொந்த அணிக்காரர்களும் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தார்கள். பயிற்சியாளர் மட்டும் குனிந்து ஷூ கயிற்றோடு மல்லுக்கட்டினார். செயலாளர் சொல்லியிருப்பார் என்று பயிற்சியாளரும், பயிற்சியாளர் சொல்லியிருப்பார் என்று செயலாளரும் இருந்திருப்பார்கள். மாப்பிள்ளைக்குச் சொல்லாமலே பந்தல் போட்டாயிற்று! ஆத்திரப்படக்கூட சுஹாஸுக்குத் தெம்பில்லை. வரிசைக்கு நடுவே எப்படி நடந்தார் என்று அவருக்கே தெரியாது.

முதல் பந்து மெதுவாக, இடுப்புயரத்தில், அடித்துக்கொள் என்று வந்தது. இருந்த குழப்பத்தில் அதையும் தூக்கி மிட்-விக்கெட்காரனிடமே அடித்தார். கைக்குள் வந்து விழுந்த பந்தை அவன் வேண்டுமென்றே நழுவவிட்டான். விட்டுவிட்டு அன்பாகச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பில்தான் சுஹாஸ் ஆடிப்போனார். இத்தனை வருடத்தில் எந்த எதிரணிக்காரனும் அவருக்கு ஒரு ரன்னைச் சும்மா விட்டதில்லை. அவர் இறங்கினாலே நாலு கெட்ட வார்த்தையாவது காதில் விழும். இன்று பிச்சை போடுகிறார்கள்.

"ஹர்ஜாஸ், உன் பசங்கள ஒழுங்கா போடச் சொல்லு. நான் இன்னும் சாகலை."

"பாஜி, நல்ல நாளும் அதுவுமா..."

"போடச் சொல்லுடா!"

பௌலர் கேப்டனைப் பார்த்தான். ஹர்ஜாஸ் தலையசைத்தான். அடுத்த பந்து சீறிக்கொண்டு உள்ளே வந்து ஆஃப் ஸ்டம்பைப் பிடுங்கி எறிந்தது. மொத்த அணியும் ஊளையிட்டுக்கொண்டு பௌலர் மேல் பாய்ந்தது. "போய்ப் படு கிழவா!" என்று ஒருவன் பழக்கதோஷத்தில் கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். சுஹாஸுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அவர்களுக்கு அவர் இன்னமும் வீழ்த்த வேண்டிய ஒரு விக்கெட்தான்.

எல்லைக் கோட்டில் செயலாளர் சால்வையும் தேங்காயுமாக நின்றார். பக்கத்தில் பத்திரிகைக்காரர்கள்.

"வாங்க சுஹாஸ்ராவ், ஒரு போட்டோ."

"நான் ரிட்டயர் ஆகலை, சாஹேப்."

"அட, கௌரவமா அனுப்பி வைக்கலாம்னுதானே..." சால்வையைத் தோளில் போட வந்தார்.

சுஹாஸ் மட்டையைக் குறுக்கே நீட்டித் தடுத்தார்.

"நீங்க என்னை டீம்லேர்ந்து தூக்கிட்டீங்க. அப்படியே பேப்பர்ல போடச் சொல்லுங்க."