வலது கதவு ஸ்பீக்கர்

மாப்பிள்ளை காரைக் கடைவாசலில் நிறுத்திப் பின்கதவைத் திறந்ததும், கார்களுக்குப் பாட்டு செட் மாட்டும் செட்டுக்காரருக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. உள்ளே ஆன்லைன் கம்பெனி டேப் சுற்றிய அட்டைப்பெட்டி. புது ஸ்பீக்கர் ஒரு ஜோடி, சத்தத்தைக் கூட்டுகிற ஆம்ப் ஒன்று. மச்சான் கார் ஆடியோ கடையே வைத்திருக்கிறான், கூடப்பிறந்த தங்கச்சியின் புருஷன் வெளியே வாங்கியதைத் தூக்கிக்கொண்டு வந்து மாட்டித் தரச் சொல்கிறார். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

அதுவும் போன வாரம் இதே ஆள்தான் இதே கடையில் உட்கார்ந்து, பலகையில் வரிசையாக மாட்டியிருந்த ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாகப் போடச் சொல்லிக் கேட்டார். கடைசியில் ஒன்றைக் காட்டி, "இதுல டம்முனு அடி நல்லா விழுது மச்சான்" என்று தலையாட்டிவிட்டும் போனார். பெட்டிக்குள் இருந்தது அதே ஸ்பீக்கர்தான்.

"இது நம்மகிட்ட இல்லாத சாமானா மாப்ள?"

"இருக்கு மச்சான். போன்ல பாத்தோம், அமுக்கினோம், வீட்டுக்கே வந்துடுச்சு. மாட்டுற கூலி எவ்ளோன்னு சொல்லுங்க."

கூலியாம், கூலி! ஊரெல்லாம் ஆன்லைனில் வாங்கிக்கொண்டு இவரை ஸ்க்ரூ திருகுகிற ஆளாக ஆக்கியாகிவிட்டது. இனி வீட்டு மாப்பிள்ளையும் சேர்ந்துகொள்ள வேண்டியதுதான் பாக்கி.

"குடும்பத்துக்குள்ள என்ன கூலி? சாவியக் குடுத்துட்டுப் போங்க" என்று செட்டுக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பை மாப்பிள்ளை கொஞ்சம் உற்றுப் பார்த்திருந்தால் சாவியைக் கொடுத்திருக்க மாட்டார்.

இடது கதவில் வயரை ஒழுங்காக மாட்டினார். வலது கதவில் ப்ளஸ்ஸை மைனஸில் மாட்டினார். வேண்டுமென்றேதான். அப்படி மாட்டினால் ஸ்பீக்கர் கெடாது, பாடவும் செய்யும். ஆனால் ஒன்று வெளியே தள்ளும்போது இன்னொன்று உள்ளே இழுக்கும். இரண்டும் சண்டை போட்டுக்கொண்டு அடிச்சத்தத்தைக் கொன்றுவிடும்.

"என்ன மச்சான், தகர டப்பா மாதிரி கேக்குது?" என்றார் சாயங்காலம் வண்டியெடுக்க வந்த மாப்பிள்ளை.

"ஆன்லைன் சாமான் அவ்ளோதான் மாப்ள. என்னைக் கேட்டிருக்கலாம்."

அதோடு விட்டாரா? சித்தி வீட்டுக்குப் போன் போட்டார், பெரியப்பா மகனுக்குப் போன் போட்டார். "பெட்டியப் பாத்து ஏமாந்துட்டாரு நம்ம மாப்ள" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பல நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

அடுத்த வாரம் கடைக்கு டிராவல்ஸ்காரர் வந்தார். தன் வண்டிகள் அத்தனைக்கும் செட் மாட்ட வேண்டும் என்று கேட்டு வந்தவர். அந்த வேலை கிடைத்தால் கடை பிழைக்கும், இல்லாவிட்டால் ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான். செட்டுக்காரர் பலகையில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டி, குழைந்து குழைந்து பேசினார். டிராவல்ஸ்காரரும் இறங்கிவந்து, முதல் வண்டியின் சாவியை மேஜைமேல் வைத்தார்.

அப்போது பார்த்துத் தங்கச்சி உள்ளே வந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

"எதிர்த்தாப்புல இருக்கிற செட்டுக் கடையில காட்டினோம் அண்ணா. சின்ன பேட்டரிய வயர்ல தொட்டுப் பாத்தான். ஒண்ணு வெளிய வருது, ஒண்ணு உள்ள போகுது. ப்ளஸ் மைனஸ் தெரியாதவரா உங்கண்ணன்னு கேட்டுச் சிரிக்கிறான்."

டிராவல்ஸ்காரர் நிமிர்ந்து பார்த்தார். "என்னங்க, வயரையே மாத்திட்டீங்களா?"

செட்டுக்காரர் சாவியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

தங்கச்சி குரலைத் தணித்தாள். "தெரியாமத்தான பண்ண? தெரியாமன்னு ஒரு வார்த்தை சொல்லு அண்ணா, வீட்ல நான் சமாளிச்சுக்கறேன்."

சொல்லியிருக்கலாம். ஆனால் வயர் மாட்டத் தெரியாத ஆளிடம் எவன் வண்டியை விடுவான்? மேஜைமேல் சாவி வேறு கிடந்தது. செட்டுக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"எனக்கா வயர் தெரியாது? தெரிஞ்சேதான் மாத்தினேன்! என்னை ஆளா மதிக்காம வெளிய வாங்கினவருக்கு அது போதும்."

தங்கச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அழவில்லை.

"வெளிய வாங்கச் சொன்னது அவரில்ல, நான்தான். கார்ல இருந்த பழைய செட்டு நீ மாட்டிக் குடுத்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் 'நான் போட்டது, என் தயவுல பாடுது'ன்னு அவர் முன்னாடியே சொல்லிக்காட்டின. சாமானை வெளிய வாங்கி உனக்குக் கூலியும் குடுத்துட்டா இன்னொரு தடவை அந்தப் பேச்சு வராதுன்னு பாத்தேன். இனிமே வீட்டுப் பக்கம் வராத."

அவள் போனதும் செட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "குடும்ப விஷயங்க, மனசுல வச்சுக்காதீங்க. வேலைல என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது, இப்பப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்" என்றார் டிராவல்ஸ்காரர். சாவியை எடுத்துக்கொண்டார். "கூடப்பிறந்தவ வண்டிக்கே இந்தக் கதி. நாளைக்கு நமக்குள்ள ஒரு வார்த்தை தடிச்சா, என் வண்டில எந்த வயரை மாத்தி வச்சிருக்கீங்கன்னு நான் எங்க போய்த் தேடுவேன்?"

வண்டி தெருவைக் கடந்து எதிர்க்கடை வாசலில் போய் நின்றது. டிராவல்ஸ்காரருக்காகப் போட்டு வைத்த பாட்டு பலகையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அடி நன்றாகத்தான் விழுந்தது.