சதுர அடைப்புக்குள் ஓர் ‘ஆமா’

1

தாக் மிஹ்வா ஓடினாள்.

ஒரு கையில் கழற்றிய காலணி [ஒன்றா, இரண்டுமா? பிறகு முடிவு செய்ய வேண்டும்], மறு கையில் யாரோ வாங்கிக் கொடுத்த காபி. கீழே இறங்கும் எஸ்கலேட்டரில் மேலே ஏறிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், அதே தப்பான எஸ்கலேட்டரில், அவளுடைய மேலதிகாரி போங்* கிதே இரைத்துக்கொண்டு வந்தார்.

“நில்லு மிஹ்வா! உலகமே சரிங்குதாம், நம்ம கம்பெனி மட்டும்தான் எதிர்க்குதாம்! நாம எப்பம்மா எதிர்த்தோம்?”

“நான் எதிர்க்கவே இல்ல சார்!”

“எதிர்க்கலையா?”

“ஆமா!”

“அப்புறம் ஏன் ஓடுற?”

“அதைச் சொல்லத்தான் ஓடுறேன்!”

நிறுத்துகிறேன். மூச்சு வாங்கட்டும், அவர்களும் நானும்.

இந்தக் கதை எப்படிக் கிடைத்தது என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பூசானில் எங்கள் குடியிருப்பில் எனக்கு மேல்மாடிக்காரி மிஹ்வா. குப்பை போட இறங்கும்போது பேசுவோம். ஒரு நாள், கையில் குப்பைப் பையோடு, இதை முழுதாகச் சொன்னாள். “எழுதிக்கோங்க. ஆனா துப்பாக்கி எல்லாம் வரக் கூடாது” என்றாள். வாராவாரம் தொடர் எழுதிப் பழகிய கை என்னுடையது. துப்பாக்கி இல்லாமல் ஓர் அத்தியாயத்தை முடிப்பது உப்பில்லாமல் ரசம் வைப்பது போல. முயன்று பார்க்கிறேன்.

* போங் என்பது அவருடைய குடும்பப் பெயர். நான் வைத்ததில்லை. சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள், பின்னால் கட்டம் சூடாகும்.

2

அவர்கள் ஓடிய கட்டடத்தில், பூசான் கடலைப் பார்த்தபடி, ஒரு மண்டபம். பல தேசத்து எஞ்சினியர்கள் அதில் ஒரு வாரம் உட்கார்ந்து, போனும் கோபுரமும் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் எழுதுகிறார்கள். ஒரு வாக்கியம் சட்டமாக ஒரே ஒரு நிபந்தனைதான்: யாரும் எதிர்க்கக் கூடாது. ஒரு கம்பெனி முகம் சுளித்தாலும் அந்த வாக்கியம் சதுர அடைப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ‘இன்னும் முடிவாகவில்லை’ என்று பொருள். இந்த வழக்கம் எனக்குப் பிடித்துப்போனதால் கதையிலும் புகுத்தியிருக்கிறேன்.

மிஹ்வாவை ஓட வைத்த வாக்கியம் எளிய கருவிகளைப் பற்றியது. கைப்பட்டை, தண்ணீர் மீட்டர், தொழிற்சாலைக் கேமரா. விலை குறைவு, பேட்டரி பொடிசு. கோபுரம் எதையாவது அனுப்பினால் ‘வந்தது’, ‘வரவில்லை’ என்று இவை ஒரு சின்னச் சீட்டு திருப்பி அனுப்ப வேண்டும். அந்தச் சீட்டை அலைவரிசையில் எந்த இடத்தில் வைப்பது? அவ்வளவுதான் பிரச்சினை. இதற்குத்தான் வெளிநாட்டுக்காரர்கள் விமானம் ஏறி வந்திருந்தார்கள்.

[அலைவரிசை என்பது ஓர் அகன்ற நெடுஞ்சாலை. அதில் லாரிகள்]

வேண்டாம். எல்லோரும் நெடுஞ்சாலையில்தான் ஆரம்பிக்கிறார்கள். சினிமாவுக்குப் போவோம்.

ஒரு நீண்ட வரிசை இருக்கை. எட்டுப் பேர் குடும்பம் வருகிறது, சேர்ந்தே உட்கார வேண்டும் என்கிறது. பெரிய போன் அனுப்பும் வீடியோ அந்தக் குடும்பம். ‘வந்தது’ சீட்டு தனியாகப் படம் பார்க்க வந்த ஆள். அவர் இடது ஓரத்தில் உட்கார்கிறார். முன்னால் ஒரு கொண்டைக்காரி வந்து மறைத்துவிட்டால்? அதனால் இடைவேளைக்குப் பிறகு வலது ஓரத்துக்கு மாறுகிறார்.* பாதிப் படமாவது நிச்சயம். நடு இருக்கைகள் குடும்பத்துக்கு. எல்லோருக்கும் நிம்மதி.

இப்போது எளிய கருவி வருகிறது. அதற்கு வரிசையின் கால்வாசிதான் கண்ணுக்குத் தெரியும். அதுவும் இடது ஓரத்தில்தான் உட்கார்கிறது. இடைவேளைக்குப் பிறகு தனக்குத் தெரிந்த கால்வாசியின் அந்தக் கோடிக்கு மாறுகிறது. அந்தக் கோடி வரிசையின் உள்ளே இருக்கிறது! குடும்பம் இரண்டாக உடைகிறது. அப்பா ஒரு பக்கம், பாப்கார்ன் இன்னொரு பக்கம்.

‘எளிய கருவி கட்டாயம் இடம் மாற வேண்டும்’ என்றது வாக்கியம். இப்படியே சட்டமானால் எந்த நெட்வொர்க்குக்காரனும் எளிய கருவிகளை உள்ளே விடமாட்டான் என்பது மிஹ்வாவுக்குத் தெரியும். மாற வேண்டாம், ஓரத்திலேயே இருக்கட்டும் என்பது அவள் கட்சி.

போங்கின் கட்சி வேறு.

“நல்ல வாக்கியமோ கெட்ட வாக்கியமோ, வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ணு வந்தாகணும்” என்று வரும்போது மெட்ரோ ரயிலிலேயே சொல்லிவிட்டார். “வரலைன்னா நம்ம பிரிவை மூடுறாங்க. நீயும் நானும் ஃப்ரிட்ஜ் பிரிவுக்குப் போய்க் கதவு ரப்பரை இழுத்து இழுத்துப் பார்க்கணும். அதனால நீ எதையும் எதிர்க்காதே. தும்மாதே. தும்மினாக்கூட எதிர்ப்புன்னு எழுதிடுவாங்க.”

 * பூசான் தியேட்டர்களில் இடைவேளை கிடையாது. கதைக்காக விட்டிருக்கிறேன்.

3

திங்கட்கிழமை. தலைமை நாற்காலியில் தோர்கெல். ஸ்வீடன்காரர், உயரமானவர், குரலை உயர்த்தாதவர். [இந்தப் பாத்திரம் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. மூன்று தரம் எழுதி மூன்று தரமும் மரம் மாதிரியே நிற்கிறார்.] அவர் எப்போதும் மண்டபத்தைப் பொதுவாகப் பார்த்து “ஆட்சேபணை உண்டா?” என்பார். யாரும் பேசாவிட்டால் சுத்தியலைத் தட்டுவார். சட்டம்.

அன்று அந்த வாக்கியம் அடைப்புக்குள் திரைக்கு வந்தபோது தட்டவில்லை. மிஹ்வாவைத் தனியாகப் பார்த்தார்.

“மிஹ்வா, உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?”

கேள்வி ஆங்கிலத்தில். மிஹ்வாவுக்கு ஆட்சேபணை மூட்டை மூட்டையாக இருந்தது. ஆனாலும் போங் சொன்னது காதில் இருந்தது.

“ஆமா” என்றாள், ஆங்கிலத்தில்.

“நன்றி” என்று தோர்கெல் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

இந்தக் கதையைத் தமிழில் எழுதுவதில் உள்ள பெரிய சிக்கல் இங்கேதான். மிஹ்வா ஒரு மாபெரும் தவறு செய்துவிட்டாள். ஆனால் அது தமிழில் தவறே இல்லை! ‘சாப்பிடலையா?’ என்றால் நாம் ‘ஆமா, சாப்பிடல’ என்கிறோம். கொரியர்களும் அப்படியே. கேட்டவர் சொன்னது சரி என்று ஆமோதிக்கிறோம். ஆங்கிலத்தில் தலைகீழ். ‘ஆட்சேபணை இல்லையே?’ என்பதற்கு வெறும் ‘ஆமா’ என்றால், ‘இருக்கு’ என்று குறித்துக்கொள்வார்கள். நம்பாவிட்டால் முதல் பகுதிக்குப் போய்ப் பாருங்கள். “எதிர்க்கலையா?” “ஆமா!” என்று வருகிறது. எத்தனை பேருக்கு உறுத்தியது?

அப்படியாக, தும்மக்கூடத் தடை விதிக்கப்பட்ட மிஹ்வா, உலகத்தையே எதிர்த்து நின்றாள். அவளுக்கு மட்டும் தெரியாது. திரையில் அடைப்புக்குறி அப்படியே இருந்தது. தட்டச்சு செய்பவர் பிறகு எடுத்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டு நூடுல்ஸ் சாப்பிடப் போனாள்.

4

அந்த வாரம் முழுக்க அவளுக்கு ராஜ மரியாதை.

வாக்கியத்தைக் கொண்டுவந்தவர் ப்ளேஸ் என்ற பிரெஞ்சுக்காரர். செவ்வாயன்று காபியோடு வந்தார்.

“எல்லாம் சௌகரியமா இருக்கா மிஹ்வா?”

“ரொம்ப சௌகரியம்.”

“ஏதாவது மனசுல இருந்தா சொல்லலாம்.”

“ஒண்ணும் இல்லையே.”

ப்ளேஸ் தன் ஆட்களிடம் போய், “கல்லு. அசையவே மாட்டேங்குறா” என்றார். புதனன்று கேக். “இது போதுமா? இன்னும் வேணுமா?” என்றார் பொடி வைத்து. “போதும்” என்று சிரித்தாள் மிஹ்வா. வியாழனன்று ஜன்னலோர இருக்கையையே அவளுக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

“நம்ம ஊர்க் கடல்காத்து பட்டதும் வெளிநாட்டுக்காரங்க எல்லாம் எவ்ளோ நல்லவங்களா ஆயிடுறாங்க சார்!” என்றாள் போங்கிடம்.

“எனக்கு ஒருத்தனும் கேக் தரலையே” என்றார் போங்.

வெள்ளி மதியம் அவள் கீழ்மாடியில் இருந்தபோது ப்ளேஸ் மறுபடி காபியோடு வந்தார். பாவம், கண்ணைச் சுற்றிக் கருவளையம்.

“மிஹ்வா, மன்றாடிக் கேட்கிறேன். உங்க எதிர்ப்பை வாபஸ் வாங்க என்ன வேணும்?”

“என் எதிர்ப்பா?”

ப்ளேஸ் விளக்கியதைப் பக்கத்திலிருந்த போங்கும் கேட்டார். அதற்கு அப்புறம்தான் எஸ்கலேட்டர்.

5

மேல்மாடி. மண்டபக் கதவுக்கு வெளியே.

மிஹ்வா நின்றுவிட்டாள். போங் அவள் முதுகில் மோதி, காபி இருவர் மேலும் சமமாகப் பங்கிடப்பட்டது.

“போ, போய்ச் சொல்லு. மொழி தெரியாமத் தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லு. ஒரு நிமிஷ வேலை. வாக்கியம் வந்துரும், பிரிவு பிழைச்சுக்கும்.”

“எந்த வாக்கியம் சார் வரும்? கெட்ட வாக்கியம்.”

“கெட்டதா இருந்தா என்ன? வருதுல்ல?”

“வந்து? நம்ம கருவியை எவனும் நெட்வொர்க்குல சேர்க்க மாட்டான். ரெண்டு வருஷம் கழிச்சு அதே ஃப்ரிட்ஜ், அதே ரப்பர்.”

“ரெண்டு வருஷத்துல நான் ரிட்டயர்டு.”

“சார்!”

“சரி சரி. என்ன பண்ணப் போற?”

“அஞ்சு நாளா நாம எதிர்க்கிறதா எல்லாரும் நம்பிட்டாங்க. இப்பத்தான் எதிர்க்கப் போறேன்.”

“அவங்க ஒத்துக்கலைன்னா? சாயங்காலம் கூட்டம் முடிஞ்சுது. நல்ல வாக்கியமும் இல்ல, கெட்ட வாக்கியமும் இல்ல. திங்கட்கிழமையே ரப்பர்.”

“தெரியும் சார்.”

போங் நனைந்த டையை முறுக்கிப் பிழிந்தார். [இங்கே அவர் ஓர் அருமையான வசனம் பேசுவதாக எழுதியிருந்தேன். மிஹ்வா படித்துவிட்டு, “எங்க சார் இப்படியெல்லாம் பேச மாட்டார்” என்றாள். அடித்துவிட்டேன்.]

“எக்கேடோ கெட்டுப் போ. ஆனா செருப்பை மாட்டிக்கிட்டுப் போ” என்றார்.

இரண்டு காலணியும்தான் போலிருக்கிறது.

6

ப்ளேஸ் கீழ்மாடியில் இன்னும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். மிஹ்வா இறங்கிப் போய் எதிரில் உட்கார்ந்தாள். இருவரும் மெகாஹெர்ட்ஸில்தான் பேசிக்கொண்டார்கள். நான் சினிமாவில் தருகிறேன். டிக்கெட் கவுண்டர் என்றால் கோபுரம்.

“கட்டாயம் மாறணும்கிறதை எடுங்க. மாறணுமா, ஓரத்துலயே இருக்கணுமான்னு டிக்கெட் கவுண்டர் முடிவு பண்ணட்டும்.”

“ஓரத்துலயே இருந்து, முன்னாடி கொண்டைக்காரி வந்துட்டா?”

“அதே சீட்டுல இன்னொரு காட்சியும் பார்க்கட்டும். ஒரே செய்தியைத் திரும்ப அனுப்பினாப் போச்சு.”

“தனி ஆளுங்க நிறைய வந்து எல்லாரும் அதே ஓரத்துல முட்டிக்கிட்டா?”

“ஏற்கெனவே ஓரத்துல இருக்கிற ஆளுங்களுக்கு அடுத்தாப்புல தள்ளி நம்பர் போட்டு வைக்கலாம். அதையும் கவுண்டரே சொல்லிடும்.”

ப்ளேஸ் விரலால் மேசையில் ஒரு வரிசை வரைந்து பார்த்தார்.

“குடும்பம் உடையாது” என்றார் மெதுவாக.

“உடையாது.”

“அடிப்பாவி! இதைத் திங்கட்கிழமையிலிருந்து மனசுல வச்சுக்கிட்டா என் கேக்கைத் தின்னீங்க? முதல் நாளே சொல்லியிருக்கலாமே!”

மிஹ்வா ஜன்னல் வழியே கடலைப் பார்த்தாள்.

கடைசி அமர்வு. திரையில் புதிய வாக்கியம், அடைப்புக்குள். தோர்கெல் சுத்தியலை எடுத்தார். மண்டபத்தைப் பொதுவாகப் பார்த்தார். பிறகு, மறுபடியும், அவளை மட்டும்.

“மிஹ்வா, இப்போது உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?”

போங் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

இங்கே மூன்று பாதைகள் வைத்திருந்தேன்.

அ) பழக்க தோஷத்தில் ‘ஆமா’ என்கிறாள். எல்லாம் மண். போங் மயங்கி விழுகிறார். [பத்திரிகையில் ‘தொடரும்’ போட ஏற்ற இடம்.]

ஆ) யோசித்து ‘இல்லை’ என்கிறாள். சரிதான், ஆனால் சப்பென்றிருக்கிறது.

இ) விளக்கு அணைகிறது. இருட்டில் ஒரு துப்பாக்கி [

மன்னிக்கவும்.

நடந்தது இதுதான். மிஹ்வா எழுந்து நின்றாள். ஆமாவையும் இல்லையையும் தொடாமல், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, “சம்மதம்!” என்றாள்.

டக்.

திரையில் இரண்டு அடைப்புக்குறிகளும் காணாமல் போயின. ப்ளேஸ் எழுந்து கைதட்டினார். போங் தும்மினார். ஐந்து நாளாக அடக்கி வைத்திருந்த தும்மல்.

7

பிரிவு பிழைத்தது. வாக்கியம் சட்டமானது. அலுவலக விஷயமாக இத்தோடு கதை முடிந்தது. முடிவை உங்கள் கையில் கொடுத்துவிட்டு நான் குப்பை போடப் போயிருக்கலாம். ஆனால் மிஹ்வா ஒரு விஷயத்தைக் கடைசி வரை சொல்லாமல் வைத்திருந்தாள். பையை முடிச்சுப் போட்டுக் கீழே வைத்துவிட்டுத்தான் சொன்னாள்.

அன்று கூட்டம் கலைந்ததும் போங், எதிரில் வந்தவர்களை எல்லாம் பன்றிச் சூப்புக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். ப்ளேஸ் விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டார். எந்தக் கம்பெனியோடும் ஒட்டாமல் எப்போதும் தனியாகவே சாப்பிடும் தோர்கெல், அன்று ஏனோ வந்தார். சூப்பில் சோற்றைக் கொட்டி, வெங்காயத் தாளைத் தூவி, நெற்றி வியர்க்க, தலை நிமிராமல் சாப்பிட்டார். மூன்று வருடமாக அவர் வாயிலிருந்து ஆங்கிலத்தைத் தவிர வேறெதையும் யாரும் கேட்டதில்லை.

ஊரே ‘சித்தி’ என்று கூப்பிடும் கடைக்காரி வழக்கம்போல் அதட்டிக்கொண்டே வந்தாள். வெள்ளைக்காரருக்குப் புரியுமா புரியாதா என்ற கவலை எல்லாம் அவளுக்குக் கிடையாது.

“ஏம்பா ஒட்டகம்! இன்னொரு கிண்ணம் சோறு வேணாமா?”

“ஆமா” என்றார் தோர்கெல். கொரிய மொழியில்.

சித்தி தலையாட்டிவிட்டுக் காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

போங் சூப்பில் மூழ்கியிருந்தார், எதையும் கவனிக்கவில்லை. மிஹ்வாவின் கரண்டி மட்டும் பாதி வழியில் நின்றது. அவள் அவரிடம், திங்கட்கிழமையைப் பற்றி, ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதை எழுதிப் பார்த்தேன், எப்படி எழுதினாலும் போலீஸ் விசாரணை மாதிரி வருகிறது. நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்:

“[                                        ]?”

தோர்கெல் வாயைத் துடைத்துக்கொண்டார். தலைமை நாற்காலியில் இருப்பவன் எந்த வாக்கியத்தையும் எதிர்க்க முடியாது, அது எவ்வளவு மோசமாக இருந்தாலும் முடியாது என்று முதலில் ஆங்கிலத்தில் சொன்னார். அதன் பிறகு, போங்குக்குக் கேட்காதபடி குனிந்து, சுத்தமான பூசான் பேச்சில்:

“என் மாமியார் வீடு பக்கத்துல கிம்ஹேயிலதான் இருக்கு. ‘இன்னும் கொஞ்சம் வேணாமா மாப்ளே?’ன்னு கேட்பாங்க. கல்யாணமான புதுசுல எங்க ஊர் வழக்கப்படி ‘இல்ல, இல்ல’ன்னு சொல்லிச் சொல்லியே எட்டுக் கிலோ ஏறிட்டேன்.”