ஈ எறும்புக்கும் தெரியாத மரபணு

நூலகத்தின் மாடியில், தடுப்பு வைத்த மூலையில் ஒரு கணினி இருக்கிறது. இணையம் கிடையாது. நம் மரபணுக் கோப்பைப் பென்டிரைவில் கொண்டுபோய்ச் செருகினால், அங்கேயே பிரித்துக் காட்டும். நாம் எழுந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிடும். ஈ எறும்புக்குக்கூடச் சேதி போகாது. சொல்லித்தருவதற்கென்று இருக்கும் பெண்ணே திரைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். அங்கே அதுதான் சட்டம்.

என் மனைவிக்கு அந்தச் சட்டம் ரொம்பப் பிடித்துப்போனது. அவள் அம்மாவுக்கு வயதான பிறகு பார்வை போயிற்று. தனக்கும் அது வருமா என்று அவளுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தது எனக்குத் தெரியக் கூடாது. என் காதில் விழுந்த விஷயம் ஊரைச் சுற்றிவிட்டு எனக்கு முன்னால் வீடு வந்து சேருமாம். அபாண்டம்! நானும் விஷயமும் சேர்ந்துதான் வருவோம்.

மரபணுச் சோதனைக்கு எச்சில் அனுப்பியதெல்லாம் என் நிர்வாகம். அவள் சமர்த்தாகக் குழாயில் துப்பித் தந்தாள். நான் குளம் நிரம்பும் அளவுக்குத் துப்பினேன். இரண்டுக்கும் பெயர் ஒட்டித் தபாலில் சேர்த்தேன். அந்தந்தப் பெயர் போட்டு ஆளுக்கொரு பென்டிரைவ் திரும்பி வந்தது.

அன்று தடுப்புக்குள் போனவள் உடனே தலையை நீட்டினாள். "ஏங்க, கண்ணாடிய மறந்துட்டேன். வந்து படிங்க. வெளிய மூச்சு விடக் கூடாது."

பதவி உயர்வு கிடைத்தவன்போல் உள்ளே போனேன். முதல் வரியைப் படித்தேன். மறுபடியும் படித்தேன்.

"என்னங்க போட்டிருக்கு?"

"நீ ஆம்பளையாம்."

"என்னது?"

"ஆண்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. இத்தன வருஷமா எங்கிட்ட மறைச்சுட்டியேடி!"

"அப்போ நம்ம பொண்ண யாரு பெத்தா?"

"அதான் புரியல. நானா இருக்குமோ?" வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

முதுகு காட்டி உட்கார்ந்திருந்த பெண்ணின் தோள்கள் குலுங்கின. "சார், நான் எதையும் பாக்கல. ஆனா குழாய்ல பேரு ஒட்டினது யாரு?"

மனைவி என்னைப் பார்த்த பார்வையில் கண்நோய்க்கான அறிகுறி துளியும் இல்லை. என் பெயர் போட்ட பென்டிரைவைப் பையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "வெளிய போங்க."

"யாரு படிப்பா?"

"எழுத்தப் பெருசாக்கிக்கலாம்மா," என்றாள் அந்தப் பெண்.

"இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க எங்க சார் கேட்டீங்க?"

வெகுநேரம் கழித்து மனைவி வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. வழியெல்லாம் கெஞ்சினேன். "கம்ப்யூட்டரே மறந்துடுச்சு, உங்களுக்கு எதுக்கு?" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும், கண்ணுக்குப் பயந்து மூட்டைகட்டி வைத்திருந்த எம்பிராய்டரி சாமான்களை இறக்கச் சொன்னாள். கண் போகாது என்று தைக்கிறாளா, போவதற்குள் தைத்துவிடுவோம் என்று தைக்கிறாளா? கேட்டால் சிரிக்கிறாள். தலையணை உறைகள் முடிந்து, இப்போது என் சட்டைப்பையில் ஒரு பச்சைக்கிளி உட்கார்ந்திருக்கிறது.

அதன் அலகில் ஒரு பூட்டு.